இன்ஜினை மாற்றிய பிறகு

பானெட் சூடாக இருந்தது.

விடியற்காலை முதல் டிரைவிங் வகுப்புக்குக் கிளம்பும்போது ஒரு கையை வண்டியின் பானெட்டில் ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று ஷூ போடுவது அவள் வழக்கம். இரவெல்லாம் பனியில் கிடந்த தகரம் உள்ளங்கையில் சில்லென்று ஒட்டும். அந்தச் சில்லிப்பில்தான் மிச்சத் தூக்கம் கலையும். அன்றைக்கு ஒட்டவில்லை. துணி தேய்த்து முடித்து ஓரமாக வைத்த இஸ்திரிப் பெட்டியைப் போல ஓர் இளஞ்சூடு. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். உள்ளே எங்கோ உலோகம் ஆறும்போது வரும் சின்னச் சத்தம் இருட்டில் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

வீட்டில் அவளும் மகளும்தான். மகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லித்தருகிற டீச்சரின் சொந்தப் பெண், ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பாள். கேட்டால், "உன்கிட்ட கத்துக்கிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இருக்காதும்மா" என்று சிரித்து மழுப்புவாள்.

ஷெட்டுக்குக் கதவு கிடையாது. வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு தூண், மேலே தகரக் கூரை, முன்னால் நேராகத் தெரு. வண்டியும் யாரும் திருடிப் போகிற வண்டி இல்லை. வயதாகிவிட்டது. கிளப்பினால் இன்ஜின் டக்டக்கென்று தட்டும், பின்னால் நீலமாகப் புகை போகும், எண்ணெயை ஊற்ற ஊற்றக் குடிக்கும். ஆனாலும் அதில்தான் பிழைப்பு. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், அவள் உட்காரும் இடத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்துக் கட்டிய வண்டி அது. ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கத்து மிதியும் சேர்ந்து இறங்கும். எத்தனையோ பெண்கள் பதறிப்போய் எல்லாவற்றையும் மறந்த நேரத்தில் அவள் கால்தான் அந்த வண்டியை நிறுத்தியிருக்கிறது.

சூட்டைப் பற்றி அவள் மெக்கானிக்கிடம் சொன்னாள். சைலன்சர் என்று அவருக்குப் பெயர்; வாயை அடைக்க ஒன்று பொருத்த வேண்டும் என்று யாரோ வைத்தது, நிலைத்துவிட்டது. பேசிக்கொண்டே எண்ணெய் மூடியைத் திறந்தார், பேசிக்கொண்டே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அழுத்தம் பார்த்தார். பிறகு ஆச்சரியமாக, பேச்சை நிறுத்தினார்.

"டீச்சர், கத்துக்குடுக்கற வண்டின்னா கிளட்ச்தான் முதல்ல போகும். இதுல இன்ஜினே தேஞ்சு போயிருக்கு. ராத்திரி பூரா ஓடற வாடகை வண்டி மாதிரி. யார்கிட்டயாவது குடுக்கறீங்களா?"

கொடுக்கவில்லை என்றாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். இதே இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர் துளைகளைக் கடைந்து, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டு மறுபடி கட்டலாம். நாளாகும், ஆனால் பழைய உடம்பு அப்படியே இருக்கும். இல்லையென்றால் அவருக்குத் தெரிந்த இடத்தில் விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு வண்டி கிடக்கிறது, அதன் இன்ஜின் அதிகம் ஓடாதது, பூனை மாதிரி ஓடும், அதை இறக்கி இதில் ஏற்றிவிடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மனம் என்னவோ பழையதைப் பிரித்துக் கட்டுவதிலேயே நின்றது. அந்தத் தட்டும் சத்தத்தை வைத்தே, பக்கத்தில் இருக்கிற பெண்ணின் கால் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று அவளால் சொல்ல முடியும்.

அந்த வாரத்தில் ஒருநாள் மாடிவீட்டுக்காரர் காய்கறிப் பையோடு எதிரே வந்தார். தூக்கம் வராத மனிதர். மனைவி போன பிறகு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இரவைக் கழிப்பவர். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் தகர ஷெட்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். விடியறதுக்கு முன்னாடியே வகுப்பு வேணுமா? அதுவும் அந்தப் புது ஸ்டூடண்ட் இருக்காரே, பாவம், அவருக்குக் கிளட்ச் விடவே வரல. கிளப்பறாரு, குலுங்குது, நின்னுபோகுது. திரும்பக் கிளப்பறாரு. எனக்கே கீழ இறங்கி வந்து சொல்லிக்குடுக்கலாமான்னு இருக்கு."

சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

யாரோ விடலைப் பையன்கள் கள்ளச்சாவி போட்டு விளையாடுகிறார்கள் என்று முடிவுகட்டினாள். அந்த முடிவு ஆறுதலாகக்கூட இருந்தது. வர வர பெட்ரோல் ஏன் சீக்கிரம் தீர்கிறது, இன்ஜின் ஏன் தேய்கிறது, பானெட் ஏன் சுடுகிறது, எல்லாவற்றுக்கும் அது பதில் சொன்னது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று படுக்கையை ஷெட் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டு, விளக்கை அணைத்துக் காத்திருந்தாள்.

வெளுப்பதற்கு முன்னால் அது கேட்டது. முதலில் இருக்கையின் ஸ்பிரிங், ஏதோ கனமானது மெல்ல அமர்வதுபோல நீளமாக முனகியது. பிறகு இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பி, அந்தப் பழைய டக்டக்கோடு நின்ற இடத்திலேயே உறுமியது. கியர் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது. கிளட்ச் பொசுக்கென்று விடப்பட்டது. வண்டி முன்னால் எகிறிக் குலுங்கி நின்றது. இடைவெளி. மறுபடி சாவி. மறுபடி உறுமல். அவள் இத்தனை வருடத் தொழிலில் நாள்தோறும் கேட்ட சத்தம்தான் அது. முதல் வகுப்பு. புதுக் கால். ஆனால் எந்தப் புது ஆளிடமும் கேட்கிற 'ஐயோ' இல்லை, அசட்டுச் சிரிப்பு இல்லை, பெருமூச்சு இல்லை. தப்பு செய்தது, உடனே திரும்பச் செய்தது. அலுக்கவே இல்லை.

ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து ஓடினாள். சத்தம் அறுந்தது. ஷெட்டில் நீலப் புகை இடுப்பளவுக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் நடுவில் வண்டி. கதவுகள் நான்கும் பூட்டியிருந்தன. தெரு இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தது. ஓடுகிற காலடி இல்லை, குரைக்கிற நாய் இல்லை. மேலே மாடி ஜன்னலில் மட்டும் ஒரு தலை எட்டிப் பார்த்து, விளக்கம் கேட்காமல் உள்ளே போனது.

அவள் மகளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் வார்த்தை அபத்தமாக நின்றது. நாட்கள் போயின. அடுத்த முறை மாடிவீட்டுக்காரரைப் படிக்கட்டில் பார்த்தபோது அவர் தானாகவே நின்று, முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்.

"பரவாயில்ல டீச்சர், நல்லா தேறிட்டாரு. இப்பல்லாம் குலுங்கறதே இல்ல. ரிவர்ஸ்கூட எடுக்கறாரு. என்ன இருந்தாலும் உங்க கைராசி."

அன்றைக்கு மதியமே அவள் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, ஒயர்களுக்குத் துணி சுற்றிக் கட்டினாள். இனி அது கிளம்பாது. கிளம்ப முடியாது.

கிளம்பவில்லை. ஆனால் விடிகிற நேரத்தில் வேறொன்று கேட்டது. கீச். டக். கீச். தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். கிளட்ச் ஸ்பிரிங் இறங்குகிற கீச். கியர்த் தண்டு விழுகிற டக். ஹேண்ட்பிரேக் பல் பல்லாக ஏறி, பொத்தான் அழுந்தி, இறங்கியது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் முதலில் கொடுக்கிற பயிற்சி அது. இன்ஜினை அணைத்துவிட்டு, வெறும் காலையும் கையையும் பழக்குங்கள் என்பாள். பார்க்காமல் செய்ய வரும்வரை செய்யுங்கள் என்பாள்.

கீச். டக். கீச். அதே வேகம். அதே அளவு. ஒரு பிசிறில்லை.

எழுந்து போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் உள்ளே தூங்குகிறாள், நாம்தான் போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. கைபேசி வெளிச்சத்தில் இருக்கைகள் காலியாக இருந்தன. பூட்டைத் திறந்தாள். எண்ணெய் வாசனையோடு, நனைந்த கம்பளியைப் பல நாள் மூடிவைத்தாற்போல் ஒரு வாடை முகத்தில் அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். உட்காரும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது. பயத்தை அடக்க, தன் கால்களை அந்த மிதிகளின்மேல் வைத்தாள். என் வண்டி. என் கால்.

கிளட்ச் இறங்கியது.

அவள் அழுத்தவில்லை. அவள் பாதத்துக்கு அடியிலிருந்து, தானாக, முழுசாகத் தரைவரை இறங்கியது. நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்து அவள் உள்ளங்காலைத் தொட்டது. பக்கத்து இருக்கையில், அவள் தினமும் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிற அந்த இருக்கையில், யாரோ மிதித்தால்தான் அப்படி இறங்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. பிரேக் இறங்கியது. ஏறியது. மறுபடி கிளட்ச். இதோ பார், இப்படித்தானே என்று காட்டுவதுபோல.

வெளியே எப்படி வந்தாள் என்று நினைவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவளை மகள்தான் பார்த்து எழுப்பினாள்.

அன்று காலையில் சைலன்சரைக் கூப்பிட்டு, பழைய இன்ஜின் வேண்டாம், எடுத்து எறிந்துவிடுங்கள், அந்த இன்னொன்றை ஏற்றுங்கள் என்றாள். பிரித்துக் கட்டலாம் என்று சொன்னீர்களே என்றார். வேண்டாம். அதன் உடம்பில் ஓர் ஆணிகூட இந்த வண்டியில் இருக்கக்கூடாது. ராத்திரியெல்லாம் ஓடித் தேய்ந்தது அந்த இன்ஜின்தான், உறுமியது அதுதான், அவள் படுக்கைவரை வந்து எழுப்பியதும் அதுதான். அதைப் பிடுங்கிவிட்டால் எதுவோ அது, அதோடு போய்விடும். மகளுக்குப் பரம சந்தோஷம். "இப்பவாவது மனசு வந்துச்சே, அந்தப் புகையில உன் துணியெல்லாம் நாறுது" என்றாள்.

இன்ஜின் சங்கிலியில் தொங்கி வெளியே வந்ததை அவள் பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். கறுத்து, கசிந்து, சின்னதாக இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது.

புது இன்ஜின் சத்தம் போடவே இல்லை. படிக்க வந்த பெண்கள், ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் திரும்பச் சாவியைத் திருகினார்கள். அவள் சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிட்டாள். விடியற்காலையில் பானெட் சில்லென்று ஒட்டியது. மாடிவீட்டுக்காரர், என்ன டீச்சர், அந்த ஸ்டூடண்ட் படிப்பை முடித்துவிட்டாரா, சத்தத்தையே காணோம் என்று விசாரித்தார். முடித்துவிட்டார் என்றாள். பழைய அறைக்கே படுக்கையைக் கொண்டுபோனாள். அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருப்பதாக மகள் சொன்னாள்.

மழை தொடங்கியது. ஒருநாள் காலையில் குடையை மடக்கியபடி ஷெட்டுக்குள் நுழைந்தவள் தரையைப் பார்த்தாள். தகரக் கூரைக்கு அடியில் காய்ந்துகிடக்க வேண்டிய தரை. சக்கரங்களைச் சுற்றிலும் ஈரம். கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மட்கார்டுகளுக்கு உள்ளே அப்பியிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். வெளிர் மஞ்சளாக, நறநறவென்று இருந்தது. அந்த மாதிரி மண் அவள் வகுப்பெடுக்கிற எந்தச் சாலையிலும் இல்லை. பானெட்டில் கைவைத்தாள். மழையில் நனைந்து குளிர்ந்திருந்தது. இடுக்கில் விரல் விட்டு உள்ளே தொட்டாள்.

சுட்டது.

அது போகவே இல்லை. ஷெட்டை விட்டு வெளியே போகப் பழகியிருக்கிறது. பழைய இன்ஜின் தட்டித் தட்டி, புகைந்து புகைந்து, இங்கே ஆள் இருக்கிறது என்று இரவெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் பிடுங்கி எறியச் சொன்னாள்.

சைலன்சருக்குப் போன் செய்து, பழையதைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டாள். அது இரும்புக்கடையில் உடைபட்டு உலைக்குப் போயாகிவிட்டது என்றார். அவள் அழுவது கேட்டிருக்க வேண்டும். மழை விட்டதும் நாளைக்கு வந்து வண்டியை இழுத்துப்போகிறேன் என்றார். வகுப்புகளை ரத்து செய்தாள். பேட்டரியையே கழற்றித் தூக்கிவந்து சமையலறை மேடையில் வைத்தாள். மகள் அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள். இன்று ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

மழை நாளாகையால் மாலையே இருட்டிவிட்டது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் வீட்டுக்குள் வேறெதுவும் கேட்கவில்லை. மகள் வருகிற நேரத்துக்குப் போன் அடித்தது.

"வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? பஸ்ஸே இல்ல. நல்லவேளை நீ வந்த."

அவளுக்குப் புரியவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள்.

"பஸ் ஸ்டாப்லதான். இதோ, உன் முன்னாடி நிக்கறேனே. கண்ணாடியெல்லாம் ஆவியா இருக்கு, உன் மூஞ்சியே தெரியல. கதவத் திற, நனையறேன்."

சாவி அவள் கையில் இருந்தது. பேட்டரி மேடைமேல் இருந்தது. ஷெட் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். இரண்டு தூண்கள். ஈரத் தரை. வேறொன்றும் இல்லை.

ஏறாதே என்று கத்தினாள். போனில் மழை இரைந்தது. கதவு திறந்தது. மூடியது. பட்டென்று மழைச் சத்தம் அடங்கிப்போய், மூடிய அறைக்குள் இருப்பதுபோல மகளின் மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பப்பா, என்ன இவ்வளவு சூடு உள்ள..."

பேச்சு நின்றது.

"அம்மா." இப்போது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நீ எங்கேர்ந்து பேசற?"

வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். மழை கண்ணை மறைத்தது. கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, நாள்தோறும் பெண்களுக்குச் சொல்கிற அதே நிதானத்தில், எங்கிருந்தோ வந்த நிதானத்தில், சொன்னாள்.

"பதறாத. கால்கிட்ட ரெண்டு மிதி இருக்கும் பாரு. நான் உட்கார்ந்து சொல்லிக்குடுக்கற சீட்டுல. அதுல பெருசு பிரேக். அதை மிதி. முழு பலத்தோட மிதிடா கண்ணு."

"மிதிக்கிறேம்மா." அழுகை. மூச்சு. "இறங்க மாட்டேங்குது. கீழேர்ந்து என் காலை மேல தள்ளுது."

தெருமுனையில் இரண்டு விளக்குகள் திரும்பின. சத்தம் இல்லை. மழையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. வண்டி அளவான வேகத்தில் அவளை நோக்கி வந்தது. நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். அது தயங்கவில்லை, சீறவும் இல்லை. அவள் பக்கம் வரும்போது வேகத்தைக் குறைத்து, அவள்மேல் சேறு தெறிக்காதபடி பள்ளத்தை ஒதுக்கி, தேர்ந்த கைபோல வளைந்து கடந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஆவி. அதன் ஊடே, சீட் பெல்ட் மாட்டியிருந்தது நிழலாகத் தெரிந்தது. தளரவில்லை. அகன்ற எதையோ சுற்றி விம்மி, இழுபட்டு நின்றது.

கூடவே ஓடினாள். கைப்பிடியைப் பிடித்தாள், வழுக்கியது. மகள் பின்சீட்டுக்குத் தாவியிருக்க வேண்டும்; பின்பக்கக் கண்ணாடியை ஒரு கை உள்ளிருந்து வேகவேகமாகத் துடைத்தது. சின்ன வட்டம் ஒன்று தெளிந்தது. அதில் மகளின் முகம், அவளைப் பார்த்து, வாய் திறந்து.

வண்டியின் இண்டிகேட்டர் ஒளிர்ந்தது. பெரிய சாலைக்குத் திரும்புகிற பக்கம், முறையாக, முன்கூட்டியே. அந்த வட்டத்தின்மேல், மகளின் முகத்துக்குப் பின்னாலிருந்து, யாரோ நிதானமாக மூச்சு விட்டதைப்போல ஆவி படர்ந்தது. ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, முகம் இருந்த இடத்தை முழுசாக மூடியது.